மாலை ஆறு மணிக்கு லிங்க் எடுக்கப்படும்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் காதல் நாவல் படிக்கிறவன். நாற்பத்திரண்டு வயது, கடலூரில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்கு நடத்துகிற உத்தியோகம், முறுக்கு மீசை எல்லாம் இருக்கிறது. இருந்தும் படிக்கிறேன். கிரிக்கெட்டில் தோற்றுவிட்டோம் என்று மூன்று நாள் சவரம் செய்யாமல் திரிகிறவனுக்கு இந்த ஊர் தோளில் தட்டி ஆறுதல் சொல்கிறது. நடிகர் கட்அவுட்டுக்குப் பாலூற்றப் போகிறவனுக்கு ஆபீசில் லீவு கிடைக்கிறது. ஒரு நாவலின் இரண்டாம் பாகம் எப்போது வரும் என்று காத்திருக்கிறவனைப் பார்த்து மட்டும், "சாருக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லியா?" என்று கேட்கிறது. இது என்ன நியாயம்?

காத்திருப்பது என்றால் சாதாரணக் காத்திருப்பா? விவரம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இந்த நாவல்கள் எடுத்த எடுப்பில் புத்தகமாக வருவதில்லை. எழுத்தாளர் தன்னுடைய இணையதளத்தில் வாரத்துக்கு இரண்டு அத்தியாயம் போடுவார். கீழே முன்னூறு வாசகிகள், "அடுத்தது எப்போ சிஸ்?" என்று கதறுவார்கள். (முன்னூறில் ஒன்று நான். கணக்கு என் அக்கா பெயரில்.) கதை முடியும்போது கடைசி அத்தியாயங்களுக்கு ஒரு கெடு வைப்பார்கள். கெடு முடிந்ததும் லிங்கை எடுத்துவிடுவார்கள். அப்புறம் புத்தகம் ‘விரைவில்’ வரும். நாவல் உலகத்தில் விரைவில் என்றால் எட்டு மாதம் என்று அர்த்தம். அதுவரை வைத்துக்கொள்ளலாம் என்று நகல் எடுக்கவும் முடியாது, ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் கறுப்பாக வரும். நாங்கள் அரசுத் தேர்வுக் கேள்வித்தாளைக்கூட இவ்வளவு காவலில் வைப்பதில்லை.

எனக்கு முப்பத்து மூன்று வயதில், கல்யாணமாகாமல் இருந்தபோது, என்னைப் பிடித்து ஆட்டிய நாவல் ஒன்று உண்டு. எழுத்தாளர் பெயரைச் சொல்ல மாட்டேன், அவருடைய வாசகிகள் வீடு தேடி வந்துவிடுவார்கள். ருத்ரன் என்று ஒரு பணக்காரன். எவனோ சொன்னதைக் கேட்டுச் சந்தேகப்பட்டு, கர்ப்பமாக இருக்கிற மனைவி பூவிழியைக் கொட்டுகிற மழையில் வீட்டை விட்டு அனுப்பிவிடுகிறான். அத்தோடு முதல் பாகம் முடிந்தது. மனசாட்சி உள்ளவர்கள் யாராவது அங்கே முடிப்பார்களா? இரண்டாம் பாகம் பொங்கலுக்கு என்றார். பிறகு சித்திரை என்றார். மகளுக்குப் பரீட்சை, வீடு மாற்றுகிறோம், மணிக்கட்டு வலி. (மணிக்கட்டுக்கு என்ன தைலம் தேய்க்க வேண்டும் என்று நானே எழுதிப் போட்டேன்.) ஆடியில் எதையும் ஆரம்பிக்கக் கூடாது என்று அதையும் தள்ளினார். ஒருவழியாக ஆவணியில் தொடங்கி, கதையில் நான்கு வருஷம் கழித்து ருத்ரனுக்கு உண்மை தெரிந்து, பூவிழி காலில் விழுகிற இடம் வரைக்கும் கொண்டுவந்தார். அவள் அவனோடு திரும்பிப் போவாளா, மாட்டாளா என்று முன்னூறு பேரும் அடித்துக்கொண்டிருந்தபோது அறிவிப்பு வந்தது. ‘இறுதி ஐந்து அத்தியாயங்கள் ஞாயிறு காலை பத்து மணிக்கு. மாலை ஆறு மணிக்கு லிங்க் எடுக்கப்படும்.’

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் எனக்குச் சிதம்பரத்தில் பெண் பார்க்கிற படலம்.

அது பன்னிரண்டாவது வரன். பதினொன்று எப்படிப் போனது என்பது தனிக் கதை. பெண்ணின் பெயர் ஹேமா. காட்டுமன்னார்கோயில் பக்கம் கால்நடை ஆய்வாளர். தினமும் டவுன் பஸ்ஸில் போய் மாடுகளுக்கு ஊசி போட்டுவிட்டு வருகிறவள். போட்டோவில் சிரிக்காமல் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அந்தப் பார்வை ரொம்பப் பிடித்துவிட்டது. இது அமைய வேண்டும் என்று முதன்முறையாக நானே சாமியை வேண்டிக்கொண்டேன்.

அம்மாவும் வேண்டிக்கொண்டாள், ஆனால் நேரில் போய். காலையிலேயே திருவந்திபுரம் பெருமாள் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். அன்றைக்கு முகூர்த்த நாள். மலைப் படியெல்லாம் மாப்பிள்ளைகள், பெண்கள், சீர்வரிசைத் தட்டுகள். நுழையவும் முடியவில்லை, வெளியே வரவும் முடியவில்லை. என் போன் அக்காவின் கைப்பையில் இருந்தது. "பொண்ணு பாக்கப் போற அன்னிக்கும் அத்த நோண்டிக்கிட்டு இருக்காத" என்று அம்மா பிடுங்கிக் கொடுத்திருந்தாள். பத்து மணி ஆனது, பன்னிரண்டு ஆனது. பூவிழியின் தலையெழுத்து அக்காவின் பைக்குள் சீப்புக்கும் பவுடருக்கும் நடுவில் கிடந்தது.

எல்லாம் முடிந்து வேன் சிதம்பரம் கீழவீதிக்குப் பக்கத்தில் பெண் வீட்டு வாசலில் நின்றபோது மணி நாலு இருபத்தெட்டு. இரண்டு நிமிடத்தில் ராகு காலம். எங்களைக் கிட்டத்தட்டத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்கள். பெண்ணுக்கு அப்பா கிடையாது, சித்தப்பாதான் எல்லாம். அவர் கை கூப்பி, "உள்ள வந்தாச்சு, அதுவரைக்கும் சரி. பொண்ண மட்டும் ஆறு மணிக்கு மேல அழச்சிக்கிட்டு வர்றோம். சாவகாசமா பேசிக்கிட்டு இருங்க" என்றார்.

ஆறு மணி. எனக்கும் அதே ஆறு மணிதான் கெடு. அக்காவிடம் கெஞ்சிப் போனை வாங்கினேன். பக்கத்தில் அக்கா வீட்டுக்காரர், எங்கள் மாமா, கழுத்தை நீட்டி எட்டிப் பார்க்கிற பழக்கம் உள்ளவர். எனவே சித்தப்பாவிடம், "ஹெட்மாஸ்டர் கூப்புடுறாருங்க. கொஞ்சம் மாடிக்குப் போயிட்டு வந்துடட்டா?" என்றேன்.

"ஞாயித்துக்கெழமயும் டூட்டியா! போயிட்டு வாங்க தம்பி" என்று சித்தப்பா பெருமையாக எல்லோரையும் பார்த்தார்.

தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து நான்கு அத்தியாயங்களை விழுங்கினேன். நான்காவதில் பூவிழியின் மகன் ருத்ரனிடம், "நீங்க யாரு அங்கிள்?" என்று கேட்கிறான். கேட்பானா ஒரு பிள்ளை இப்படி! கைக்குட்டை நனைந்து, புதுச் சட்டையின் கையும் நனைந்துவிட்டது. பூவிழி மனசு இளகுவது எனக்குத் தெரிந்தது. தாங்க முடியவில்லை. வாய்விட்டே சொன்னேன், "வேணாம் பூவிழி. அவன்கிட்ட திரும்பிப் போவாத. ஒன்ன நடுத்தெருவுல வுட்டவன் அவன். போவாத."

பின்னால் டம்ளர் தரையில் வைக்கப்படுகிற சத்தம் கேட்டது. எனக்குக் காபி கொண்டு வந்த சித்தப்பா நின்றுகொண்டிருந்தார்.

"யாரு தம்பி பூவிழி?"

"அது... கதைங்க."

"எல்லார் வூட்டுலயும் ஒரு கதை இருக்கு தம்பி. கீழ வாங்க."

கூடத்தில் அவர் நடந்ததை ஒரு சொல் விடாமல் ஒப்பித்தார். "மாடில நின்னு அழுவுறாரு. எவனோடயோ போவாதன்னு கெஞ்சுறாரு. வயசுல இதெல்லாம் சகஜம், நான் தப்பு சொல்லல. ஆனா மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல?" அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். மாமா ஏதோ பெரிய சொத்து கிடைத்த மாதிரி என்னைப் பார்த்தார்.

"அய்யோ, அது நாவலுங்க. இதோ பாருங்க" என்று போனை எடுத்தேன். சுவர்க் கடிகாரம் ஆறு அடித்தது. திரையில், ‘மன்னிக்கவும், இந்தப் பக்கம் நீக்கப்பட்டுள்ளது’ என்று வந்தது.

இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது. பொங்கல் என்று சொல்லிவிட்டு ஆவணிக்கு வந்த பெண்மணி. செவ்வாய்க்கிழமை அத்தியாயத்தை வியாழக்கிழமை போடுகிறவர். வாழ்க்கையில் ஒரே ஒரு நாள், ஒரே ஒரு விஷயத்தை, ஒரு நிமிடம் பிசகாமல் செய்தார். அது என் லிங்கை எடுத்தது.

இன்னும் அநியாயத்தைக் கேளுங்கள். கள்ளக் காதல் என்றபோது அந்த வீட்டில் யாரும் பெரிதாக அதிரவில்லை. நாவல் என்றதும்தான் கோபம் வந்தது. "இம்மாம் பெரிய மீசைய வச்சிக்கிட்டு ஆம்பளப் புள்ள பொம்பளைங்க படிக்கிற கதைய படிச்சி அழுவுதுன்னா, நம்பற மாதிரியா இருக்கு?" என்றார் ஹேமாவின் அம்மா.

ராகு காலம் முடிந்திருந்ததால் ஹேமா தட்டோடு வந்தாள். போட்டோவில் பார்த்த அதே பார்வை. தட்டை வைத்துவிட்டு, "கதைன்னா சொல்லச் சொல்லுங்க சித்தப்பா. தெரியலன்னா பொய்யின்னு ஆயிடப்போவுது" என்றாள்.

சொன்னேன். பெண் பார்க்கப் போன இடத்தில், பஜ்ஜி ஆறிக்கொண்டிருக்க, இரண்டு பாகங்களையும் முக்கால் மணி நேரம் சொன்னேன். வகுப்பில் எனக்கு இப்படி ஒரு அமைதி கிடைத்ததே இல்லை. மழையில் அனுப்புகிற இடத்தில் ஹேமாவின் அம்மா முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். "கூப்புட்டு ஒரு வார்த்த விசாரிக்க மாட்டானா? என்னா ஆளு அவன்!" என்று சித்தப்பா நாற்காலியைத் தட்டினார். சந்தேகம் தீர்ந்தது. அத்தோடு விட்டிருக்கலாம்.

அம்மாதான் ஆரம்பித்தாள். "என்னா இருந்தாலும் புள்ளைக்கு அப்பன். கால்ல வுழுந்துட்டான் இல்ல? திரும்பிப் போறதுதான் பொண்ணுக்கு அழகு."

"நாளைக்கு எம் பொண்ணுக்கு ஒங்க வூட்டுல ஒண்ணு ஆச்சுன்னா, இதேதான் சொல்லுவீங்களா?" என்றார் ஹேமாவின் அம்மா.

"நான் பொதுவா சொன்னேன்."

"நானும் பொதுவாதான் கேட்டேன்."

கூடம் இரண்டாகப் பிரிந்தது. ஒரு பக்கம் போகலாம், ஒரு பக்கம் போகக் கூடாது. சித்தப்பா கையை உயர்த்தி எல்லோரையும் அடக்கி, "தம்பி சொல்லட்டும். கட்டிக்கப் போறவரு அவருதான். நீங்க சொல்லுங்க, அவ போவலாமா?" என்றார்.

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்த்தாள். முப்பத்து மூன்று வருஷம் சோறு போட்ட பார்வை. "அம்மா சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கு..." என்று இழுத்தேன்.

ஹேமா கேட்டாள், "சித்தப்பா, மாடில என்னா சொன்னாரு?"

"போவாதன்னாரும்மா."

"மாடில ஒரு பேச்சு, கூடத்துல ஒரு பேச்சா?" என்று சொல்லிவிட்டு அவள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

வேனில் மாமா ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரிப்பை அடக்க முடியாமல் குலுங்கிக்கொண்டிருந்தார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. எழுத்தாளர் மேல், ருத்ரன் மேல், ராகு காலத்தின் மேல். வெள்ளாற்றுப் பாலம் வந்தபோதுதான் புரிந்தது, ஆத்திரப்பட வேண்டிய ஆள் வேனுக்குள்ளேயே, என் சட்டைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறான் என்று. அந்தப் பெண் கேட்டது பூவிழியைப் பற்றி இல்லை. நாளைக்கு இவன் எனக்காகத் தன் அம்மா எதிரில் வாயைத் திறப்பானா என்று கேட்டிருக்கிறாள். நான் திறக்கவில்லை.

"வண்டியத் திருப்புங்க" என்றேன். (நாவல் படித்துக் கெட்டுப்போனவன் வேறென்ன செய்வான்?)

"எதுனா மறந்துட்டீங்களா சார்? செருப்பா?" என்றார் டிரைவர்.

மறுபடி அந்த வீட்டுக்குள் நுழைந்தபோது சித்தப்பா ஆறிப்போன பஜ்ஜியைத் தின்றுகொண்டிருந்தார். மாட்டேன் என்ற அம்மாவைக் கையைப் பிடித்துக் கூடத்துக்கு நடுவில் கொண்டுவந்து நிறுத்தினேன். "பூவிழி திரும்பிப் போவக் கூடாது. எங்கம்மா சொன்னது தப்பு. நான் தலையாட்டுனது அத்த விடத் தப்பு."

"ஊரு பேரு தெரியாத ஒருத்திக்காகப் பெத்தவள எடுத்தெறிஞ்சி பேசுறியேடா!" என்று அம்மா அழ ஆரம்பித்தாள்.

ஹேமா ஈரக் கையோடு சமையல்கட்டு வாசலில் நின்றாள். என்னைப் பார்க்காமல் கேட்டாள், "சித்தப்பா, இப்ப ராகு காலம் இல்லியே?"

"இல்லம்மா."

"அப்ப சரின்னு சொல்லிடுங்க."

இது சுபமாக முடிந்தது என்று நினைப்பீர்கள். முடியவில்லை. கல்யாணமாகி ஒரு மாதம் கழித்துப் புத்தகம் வந்தது. நானும் ஹேமாவும் பார்சலைப் பிரித்து நேராகக் கடைசி அத்தியாயத்துக்குப் போனோம். பூவிழி திரும்பிப் போய்விட்டாள். மூன்றே பக்கத்தில். ஒரு சாரி, ஒரு கட்டிப்பிடித்தல், ஒரு ஊட்டிப் பயணம். "இதுக்கா அன்னிக்கு அப்பிடி அழுதீங்க?" என்று ஹேமா புத்தகத்தை மூடி வைத்தாள். அம்மாவுக்கு அன்றைக்குத் தீபாவளி. "நான் அன்னிக்கே சொன்னேன்ல?" என்று ஒன்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். வீட்டுக்கு வருகிற விருந்தாளிக்கெல்லாம் காபிக்கு முன்னால் பூவிழி கதை பரிமாறப்படுகிறது. நான் எது பேசினாலும், ‘இது மாடிப் பேச்சா, கூடத்துப் பேச்சா?’ என்று கேட்பது எங்கள் வீட்டில் சட்டமாகிவிட்டது. கேபிள்காரர்கூட ஒரு நாள் கேட்டார்.

போன வாரம் அந்தப் பெண்மணி மூன்றாம் பாகத்தை அறிவித்திருக்கிறார். புத்தகம் விரைவில், முன்பதிவு தொடங்கியது என்று. எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. சாப்பிடும்போது எல்லோரும் கேட்கச் சொன்னேன், "அந்தம்மா எழுதுன ஒரு எழுத்தக்கூட இனிமே நான் படிக்க மாட்டேன். சத்தியமா."

ஹேமா ரசத்திலிருந்து தலையைத் தூக்காமல், "இது மாடிப் பேச்சா, கூடத்துப் பேச்சா?" என்றாள்.

நான் பதில் சொல்வதற்குள் அம்மா சொன்னாள், "காலையிலயே மாடிக்குப் போயி புக்கு பண்ணிட்டான். நான்தான் பண்ணச் சொன்னேன். போன எடத்துல அந்தப் பொண்ணு நல்லா இருக்காளான்னு பாக்க வேணாமா?"