மேற்படி வயலில் விழுந்த பந்து

அம்பயர்களில் இரண்டு வகை உண்டு. சம்பளம் வாங்கிக்கொண்டு அவுட் கொடுப்பவர்கள் ஒரு வகை. ஞாயிற்றுக்கிழமை, அறுப்பு முடிந்த வயலில், டென்னிஸ் பந்து கிரிக்கெட்டுக்கு, யாரும் கூப்பிடாமலே வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு வந்து நிற்பவர்கள் மற்றொரு வகை. நீங்கள் பயப்பட வேண்டியது இவர்களுக்குத்தான்.

நீடாமங்கலம் பக்கம் இவருக்குத் தியாகேசன் என்று பெயர். வாரத்தில் ஆறு நாள் பத்திரம் எழுதுவார். ஏழாம் நாள் அம்பயர். பந்தை வேட்டியில் துடைக்கலாமா, ஆட்டத்தின் நடுவே மாடு புகுந்தால் எடுத்த ரன் செல்லுமா, அந்த மாட்டை விரட்டுவது எந்த அணியின் பொறுப்பு என்றெல்லாம் நாற்பது பக்க நோட்டில் எழுதிக்கொண்டே போய், பதினேழாம் விதியில் இப்படி நிறுத்தியிருக்கிறார்: ‘வடக்கே கண்ணாத்தாள் உளுந்து வயலில் பந்து விழுந்தால் மேற்படி ஆட்டக்காரர் அவுட்.’ செடி மிதிபடக் கூடாதே என்று வந்த விதி. நல்ல விதிதான், யார் இல்லை என்றார்கள்?

ஷூ கயிறு கட்ட நேரமாகிவிட்டது என்று சொந்த மச்சினனுக்கே அவுட் கொடுத்தவர் அவர். அன்றிலிருந்து மச்சினன் வீட்டில் அவருக்குச் சர்க்கரை இல்லாத காபி. அதிலும் அவருக்குப் பெருமை.

சித்திரை மாத இறுதிப் போட்டி. கல்யாணம் ஆனவர்களுக்கும் ஆகாதவர்களுக்கும். ஆனவர்கள் ஆறு வருடமாகத் தோற்று வருகிறார்கள். கடைசிப் பந்து, நான்கு ரன் வேண்டும். பேட் ஆனவர்கள் அணியின் நெடுஞ்செழியன் கையில். சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்தவன். செவ்வாய்க்கிழமை விமானம், அடுத்த லீவு இரண்டு வருடம் கழித்து. இந்த ஓர் அடியை அங்கே அடுக்குக் கட்டிலில் படுத்தபடி எத்தனை தடவை அடித்துப் பார்த்திருப்பானோ. சுழற்றினான். பந்து வடக்கு வரப்பைத் தாண்டிப் போய்க் கண்ணாத்தாள் வயலில் விழுந்தது. துண்டுகள் பறந்தன. கூடவே தியாகேசனின் விரலும் உயர்ந்தது.

“அண்ணே, உளுந்த நேத்தே புடுங்கிட்டாங்கண்ணே. வெறும் தரைண்ணே” என்றான் நெடுஞ்செழியன்.

“பத்திரத்துல நஞ்சைன்னு இருந்தா, ஆத்துல தண்ணி வராட்டியும் அது நஞ்சைதான் தம்பி.”

பக்கத்துக் களத்தில் உளுந்து அடித்துக்கொண்டிருந்த கண்ணாத்தாளே எழுந்து வந்தாள். “என் வயலு. எனக்கு ஒரு சேதமும் இல்ல. ஊருக்குப் போற புள்ள, அந்த ரன்னக் குடுத்து அனுப்புங்க தம்பி.”

“நீங்க வயலுக்குத்தான் சொந்தக்காரங்கக்கா. ரூல்ஸுக்கு இல்ல.”

சொன்ன மாத்திரத்தில் தியாகேசனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நெடுஞ்செழியன் பேட்டை வரப்பில் வைத்துவிட்டு நடந்தான். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் நோட்டில் பாவத்துக்கு விதி இல்லையே.

அன்று சாயங்காலம் நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடியிருந்தது. பஸ், டிராக்டர், நெல் லாரி என்று வரிசை கடைத்தெரு வரை நின்றது. மொபெட்டில் வந்த தியாகேசன் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார், தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வண்டியைச் சாய்த்து, கம்பிக்கு அடியில் குனிந்தார்.

“கேட்டு போட்டிருக்குங்களே?” என்றாள் பஸ் ஜன்னலில் இருந்த ஒரு அம்மாள்.

“ரயிலு இன்னும் கொரடாச்சேரியே தாண்டலம்மா. வெறும் தண்டவாளம். இதுக்குப் போயி நிப்பாங்களா?”

தண்டவாளத்தைக் கடந்து, எதிர்ப்புறக் கம்பிக்கு அடியிலும் பாதி உடம்பை நுழைத்தவர் தலையைத் தூக்கினார். அங்கே பைக்கை நிறுத்திவிட்டுக் கேட் திறக்கட்டும் என்று காத்திருந்தான் நெடுஞ்செழியன். மெல்ல ஒரு விரலை மட்டும் உயர்த்தினான்.

முதுகில் கம்பி, கையில் சாய்ந்த வண்டி. பத்து வருட அம்பயர் வாழ்க்கையில் முதல் தடவையாகத் தியாகேசனுக்கு, கொஞ்சம் பார்த்துக் கொடுக்கக் கூடாதா என்று கேட்க வேண்டும் போலிருந்தது.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். போன வாரம் இதே கேட்டில், “ஒரு அவசரம்” என்று சொல்லியபடி இன்னொருவரும் குனிந்து போனார். முகம் சரியாகத் தெரியவில்லை. முதுகைப் பார்த்தால் உங்களுடையது மாதிரி இருந்தது.