தீனிச் செலவு

குளிரூட்டும் இயந்திரம் ஒருமுறை செருமியது, பிறகு அடங்கிவிட்டது. அறக்கட்டளைத் தலைவர் நேரில் வருகிற நாளாகப் பார்த்து அது மண்டையைப் போட்டதில் மீன் டாக்டருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அவர் வைத்தியம் பார்க்கிற டாக்டர் இல்லை. மலை ஓடையின் சில்லென்ற தண்ணீரிலேயே பிறந்து வளரும் மீன்கள், பூமி சூடேற ஏற என்ன பாடுபடும் என்று ஆராய்கிறவர். கண்ணாடித் தொட்டியில் நீந்தும் இந்த மீன்கள்தான் அவருடைய மூன்று வருட உழைப்பு. இன்று தலைவர் கையெழுத்துப் போட்டால் ஆராய்ச்சி தொடரும். போடாவிட்டால் இந்த அறைக்கு ஜெராக்ஸ் மெஷின் வந்துவிடும். மீன்கள் எங்கே போகும் என்று நினைக்கவே அவருக்குப் பயமாக இருந்தது.

பணம் தருவது, மீன் கெடாமல் அடுக்கி வைக்கிற குளிர்பதனக் கிடங்கு முதலாளிகள் சேர்ந்து நடத்தும் அறக்கட்டளை. தாராள மனசுக்காரர்கள். குளிரூட்டும் செலவுக்குக் கேட்டதற்கு மேலேயே கொடுப்பார்கள். ஒரே ஒரு விஷயத்தில்தான் கறார். மீன் தீனிக்கென்று கேட்கும் தொகையை மட்டும் அவர்களுடைய கணக்கர் வருஷம் தவறாமல் அடித்துவிடுவார். கேள்வியும் கிடையாது, விளக்கமும் கிடையாது. டாக்டர் ரோஷக்காரர். சொந்தச் சம்பளத்தில் தீனி வாங்கிப் போட்டார்.

"எல்லார் வீட்லயும் மனுஷங்க மீனைச் சாப்பிடுவாங்க. நம்ம வீட்ல மீன் நம்மளச் சாப்பிடுது" என்று மனைவி சொல்லாத சம்பள நாள் இல்லை.

அறக்கட்டளைப் பணம் கிடைத்ததற்குக் காரணமும் அவள்தான். விண்ணப்பத்தில் அவர் முதலில் எழுதிய தலைப்பு குளிர்நீர்வாழ் மீன்கள் என்று தொடங்கி மூச்சு முட்டுகிற நீளத்துக்குப் போனது. "இதை எவன் படிப்பான்? 'சூடு கூடினால் குளிர்மீன் என்னாகும்?'னு வைங்க. நச்சுன்னு இருக்கும்" என்றாள். வைத்தார். பணம் ஓடி வந்தது.

இப்போது அந்தக் குளிர்மீன்கள் தொட்டியின் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. வெப்பமானியைப் பார்த்தார். ஏறியிருந்தது. மெக்கானிக்குக்குப் போன் போட்டால் நாளைக்கு வருகிறேன் என்றான். அவர் கெஞ்சியதும், மெஷின் சூடாகியிருக்கும், காற்று காட்டிப் பாருங்கள் என்று ஒரு யோசனையைத் தூக்கிப் போட்டுவிட்டு வைத்துவிட்டான்.

பக்கத்து அறையிலிருந்து பெரிய மின்விசிறியைத் தூக்கி வந்து இயந்திரம் செருகியிருந்த அதே பிளக் பாயிண்ட்டில் செருகினார். பட்டென்று ஒரு சத்தம். ஃபியூஸ் போயிற்று. விளக்கு அணைந்தது. தொட்டியில் குமிழி விட்டுக்கொண்டிருந்த காற்றுப் பம்பும் நின்றது. இதுவரை வெப்பம்தான் பிரச்சினை, இப்போது மீன்களுக்கு மூச்சும் பிரச்சினை.

கடைசியில் மனைவியைக் கூப்பிட்டார். வருகிற வழியில் கொஞ்சம் ஐஸ் வாங்கி வரச் சொன்னார். அவள் எதையும் கொஞ்சமாகச் செய்து பழக்கமில்லாதவள். கார் டிக்கி நிறைய வாங்கி வந்தாள். அவர் இன்னொரு முறை தொலைபேசியில் மெக்கானிக்கிடம் மன்றாடித் திரும்புவதற்குள் மொத்தத்தையும் தொட்டியில் கொட்டியிருந்தாள்.

"கவலைய விடுங்க. இனிமே சூடு கிட்டயே வராது" என்றாள்.

சூடு வரவில்லை. அசைவும் இல்லை. ஐஸ் துண்டுகளுக்கு நடுவே மீன்கள் விறைத்துப் போய்ப் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தன. திடீர்க் குளிரில் மயங்கிவிட்டன, தண்ணீர் கொஞ்சம் சூடானால் தெளிந்துவிடும் என்று அறிவு சொன்னது. ஐஸை அள்ளி வெளியே போடக் குனிந்தார். அந்த நேரம் பார்த்துக் கதவு தட்டப்பட்டது.

தலைவர் ஆஜானுபாகுவான மனிதர். பின்னால் அந்தக் கணக்கர், கையில் கோப்போடு. இருட்டு அறையையோ நனைந்த தரையையோ தலைவர் கண்டுகொள்ளவில்லை. நேராகத் தொட்டிக்குப் போய்க் குனிந்து ஆழமாக மூச்சை இழுத்தார். டாக்டருக்கு மூச்சே நின்றது.

"வாடையே இல்லையே" என்றார் தலைவர். "எவ்வளவு நாளா வச்சிருக்கீங்க?"

"ஆரம்பத்துல இருந்து இதே மீனுங்கதான் சார். மூணு வருஷம்."

"மூணு வருஷமாவா? நிறம்கூட மாறலையே."

டாக்டருக்கு மறைக்க மனம் வரவில்லை. "ஆனா சூடு கொஞ்சம் கூடினாலும் தாங்காது சார். இன்னைக்குக் காலைலகூட..."

"அதேதான் எங்க கவலையும். வெயில் வருஷத்துக்கு வருஷம் ஏறுது. நீங்க நல்லாப் பண்ணுங்க" என்று தலைவர் அவர் தோளைத் தட்டினார். கோப்பை வாங்கிச் சரசரவென்று கையெழுத்துப் போட்டார். டாக்டருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மனைவி அவரைப் பார்த்து, எல்லாம் என் ஐஸ்தான் என்பதுபோல் புருவத்தை உயர்த்தினாள்.

கிளம்பும்போது தலைவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு தொட்டியில் கைவிட்டார். டாக்டர் தடுப்பதற்குள் ஒரு மீனை எடுத்து, சந்தையில் பார்ப்பதுபோலச் செவுளைத் தூக்கிப் பார்த்தார்.

கையின் சூடு பட்டு மீனுக்கு மயக்கம் தெளிந்தது. ஒரு துள்ளு துள்ளி, வாலால் தலைவர் கன்னத்தில் பளாரென்று ஒன்று வைத்துவிட்டுத் தொட்டிக்குள் பாய்ந்து சுற்றிச் சுற்றி நீந்தியது. தலைவர் பேயறைந்தவர்போல நின்றார்.

கணக்கர் தொட்டியைப் பார்த்தார். டாக்டரைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்:

"ஓ... அதான் வருஷா வருஷம் தீனிக்குக் காசு கேட்டீங்களா?"