மாடில்லாத சார்

எங்கள் மாவட்டத்தில் காற்றோடு ஜென்மப் பகை வைத்துக்கொண்டு வாழ்ந்த மனிதர் ஒரே ஒருவர்தான். பென்னாகரம் சாலையில், ஓய்வு பெறும் வரை நான் தமிழ் நடத்திய கல்லூரியில் அவர் வேதியியல் நடத்தினார். உலோகத்தையும் கார்பனையும் நேரடியாகப் பிணைத்துப் புதுப்புதுச் சேர்மங்கள் செய்வது அவருடைய ஆராய்ச்சி. அவற்றில் பாதி, காற்றுப் பட்டால் செத்துவிடும். அதனால் யாராவது மின்விசிறி போட்டாலே அவர் முகம் மாறும்.

பெரிய ஊர்களில் இதற்கென்று கண்ணாடிப் பெட்டிகள், வாயு சிலிண்டர்கள் எல்லாம் உண்டாம். எங்கள் கல்லூரியில் குழாயில் தண்ணீர் வந்தாலே விசேஷம். அவர் அசரவில்லை. மாட்டாஸ்பத்திரியில் சினை ஊசி மருந்து கெடாமல் இருக்கத் திரவ நைட்ரஜன் வைத்திருப்பார்கள். மிச்சமானதை டாக்டர் கொடுப்பார். அது ஆவியாகும்போது வரும் வாயுவைக் குடுவைக்குள் விட்டுக் காற்றை விரட்டுவதுதான் திட்டம். கேனை மடியில் வைத்துக்கொண்டு என் பைக்கில் வருவார். மாடுகளோடு வரிசையில் நிற்பார்.

ஒருநாள் முன்னால் நின்ற அம்மா விசாரித்தார். "உங்க மாடு எங்கீங்க சார்?"

"எனக்கு மாடு இல்லீங்க."

அந்த அம்மா அவரையும் கேனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தன் மாட்டைக் கொஞ்சம் தள்ளிக் கட்டினார். அன்றிலிருந்து பாப்பாரப்பட்டி வரைக்கும் அவர் மாடில்லாத சார்.

வருடக்கணக்கில் அவர் துரத்தியது ஒரே ஒரு சேர்மத்தை. கரண்ட் போனால் அது செத்தது. ரப்பர் மூடி வெயிலில் வெடித்தால் செத்தது. சும்மாவும் செத்தது. ஒவ்வொரு சாவுக்கும், எழவு விழுந்த வீட்டுக்குப் போவதுபோல நான் ஆய்வகத்துக்குப் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருவேன்.

பிறகு ஒரு காலையில் குடுவையின் அடியில் படிகங்கள் வந்திருந்தன, மாதுளை முத்து நிறத்தில். பெங்களூரில் அவரோடு படித்த நண்பரிடம் எக்ஸ்ரே கருவி இருந்தது. அதில் வைத்தால் எந்த அணு எங்கே இருக்கிறதென்று தெரிந்துவிடும். அப்புறம் கட்டுரை, கட்டுரை வந்தால் நல்ல ஆய்வகம். மறுநாள் காலை பஸ்ஸுக்குக் கிளம்புவதாக இருந்தார்.

அன்று மத்தியானம் கல்லூரியைப் பார்வையிட ஒரு குழு வந்தது. எங்கள் முதல்வருக்கு அவர்மேல் அத்தனை பெருமை. நம்ம சாரோட கண்டுபிடிப்பு என்று சொல்லிக்கொண்டே, விருந்தாளிகள் நன்றாகப் பார்க்கட்டும் என்று குடுவையின் மூடியைத் திறந்தார்.

நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவப்பு பழுப்பாகிவிட்டது.

கலர் ஏன் மாறியது என்று குழுத் தலைவர் கேட்டார். முதல்வர் குடுவையைப் பார்த்தார், மூடியைப் பார்த்தார். மாடில்லாத சார் அவர் கையிலிருந்து குடுவையை வாங்கிக்கொண்டார்.

"காத்து பட்டா இப்படித்தான் ஆகுமுங்க. அதைக் காட்டத்தான் வச்சிருந்தோம்."

செய்முறை விளக்கம் அருமை என்று பாராட்டிவிட்டுக் குழு சாப்பிடப் போனது.

சாயங்காலம் டீக்கடையில் அவருக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். டீயைக் குடிக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார். "இதே கலருங்க" என்றார். பிறகு கர்ச்சீப் தேடினார். அவரிடம் இல்லை. என்னுடையதைக் கொடுத்தேன்.

மறுபடி செய்தார், வரவில்லை. அதற்கடுத்த முறையும் வரவில்லை. அடுத்த வருடம் ஆய்வகம் கம்ப்யூட்டர் அறையானது. முதல்வர் நேரில் வந்து வருத்தப்பட்டார். அவரைச் சமாதானப்படுத்துவதற்குள் சாருக்குப் போதும் போதுமென்று ஆகிவிட்டது.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்பு, ஸ்டாஃப் ரூமில் செல்போனை என்னிடம் நீட்டினார். ஐரோப்பாவில் யாரோ அதே சேர்மத்தைச் செய்து, எக்ஸ்ரே படத்தோடு வெளியிட்டிருந்தார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் கலர் உருண்டைகளும் குச்சிகளும்தான். அவர் படத்தை விரலால் பெரிதாக்கினார்.

"அந்தக் கார்பனப் பாருங்க. நான் சொன்ன எடத்துலயே ஒக்காந்திருக்குது. நாம ஒரு தப்பும் பண்ணலீங்க."

பத்தாம் வகுப்போடு அறிவியலுக்குக் கும்பிடு போட்டவன் நான். அந்த 'நாம'வில் என்னையும் சேர்த்திருந்தார்.