இன்னொரு பொட்டலத்தையும் பிரிக்கச் சொன்னவன்

இதை எழுதலாமா வேண்டாமா என்று சில வருடங்களாகவே தயங்கிக்கொண்டிருந்தேன். எழுத உட்காரும்போதெல்லாம் சுவரில் இருக்கும் பொன்னியம்மன் படம் என்னையே பார்ப்பது போலிருக்கும், பேனாவை மூடிவிடுவேன். போன வெள்ளிக்கிழமை விளக்கேற்றிவிட்டு, "தாயே, உள்ளது உள்ளபடி எழுதிடறேன், சிரிக்கிறவங்க சிரிக்கட்டும்" என்று உத்தரவு கேட்டுக்கொண்டுதான் தொடங்கினேன். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்கு ஆவடி சேக்காடு. நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறேன். வேலை, வீடு, கோயில் போக மிச்ச உயிரெல்லாம் எங்கள் பொன்னியம்மன் கால்பந்து கிளப்புக்குத்தான். நான் ஆடுகிறவன் இல்லை. (பந்தை உதைத்தால் செருப்புதான் அதிக தூரம் போகும்.) கோட்டுக்கு வெளியே நின்று கத்துகிறவன். கத்துகிறவனுக்குத்தான் ஆட்டம் சரியாகத் தெரியும் என்பது அப்போது என் எண்ணம்.

அந்த வருடம் கிளப் செயலாளர் தேவா, என் சிறுவயது நண்பன், பழைய கோச்சை மாற்றிவிட்டான். புதிதாக வந்தவர் தனசேகர். எங்கள் தெருவில் பெண் எடுத்தவர். ஆனால் பிறந்து வளர்ந்தது பட்டாபிராம். ரயில் ஏறி உட்காருவதற்குள் பட்டாபிராம் வந்துவிடும். ஆனாலும் எங்களுக்கு அது வேறு நாடு. ஆடி மாதத்துப் பெரிய ஆட்டம் எப்போதும் அவர்களோடுதான்.

தனசேகர் வந்த கையோடு மூன்று பேரைச் சேர்த்தார். மூவரும் பட்டாபிராம். கோல்கீப்பர், பந்து வந்தால் ஒதுங்கி வழிவிடும் மரியாதைக்காரன். நடுவில் ஆடுகிறவன் கல்யாணப் பந்தியில் பரிமாறுகிறவன் மாதிரி, ஒருத்தரையும் விடாமல் எல்லோருக்கும் பந்தைக் கொடுப்பான், எதிரணிக்கும் சேர்த்து. மூன்றாமவன் பிரமாதமாக ஓடுவான். பந்து இல்லாத பக்கமாக. வரிசையாகத் தோற்றோம்.

டீக்கடையில் தேவாவை மடக்கினேன். "மச்சான், இவனுங்கள எங்கேர்ந்து புட்ச்சிகினு வந்த?"

"புது பசங்க மாமே. செட்டாவ டைம் குடு."

"பழைய கோச்சு இன்னா தப்பு பண்ணாரு?"

"முட்டி வலி நைனா. முடிலன்னு அவரே சொன்னாரு."

"அவரே சொன்னாரா, சொல்ல வெச்சியா?"

கடைக்காரர் டீயை ஆற்றியபடியே சொன்னார்: "அண்ணாத்தே, நீ டீல சக்கரை கீதான்னு குடிச்ச அப்பறமும் கேக்குற ஆளு. உன்கிட்ட அவன் இன்னா சொன்னாலும் எடுபடாது."

"சிரிங்கப்பா. பொண்ணு எடுத்தது இங்க, பொறந்தது அங்க. பெரிய மேட்ச் அன்னிக்கு அந்தாளு மனசு எந்தப் பக்கம் நிக்கும்?"

யாரும் சிரிக்கவில்லை. அது எனக்குப் போதும்.

அடுத்த வாரம் ஒரு கிரகப்பிரவேசத்துக்குப் பட்டாபிராம் போனேன். ஸ்டேஷன் வாசலில் தனசேகர்! பட்டாபிராம் அணியின் கேப்டனோடு சிரித்துப் பேசிக்கொண்டு நிற்கிறார். அவன் ஒரு துணிப்பையைக் கொடுக்க, இவர் வாங்கிக் கக்கத்தில் வைத்துக்கொள்கிறார். நான் சட்டென்று ஒரு கொய்யா வண்டிக்குப் பின்னால் பதுங்கினேன். வண்டிக்காரர் பாட்டுக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். நடுரோட்டில் நான் மட்டும் குனிந்தபடி நின்றேன்.

ஊர் திரும்பியதும் விஷயத்தைச் சேக்காடு முழுக்கப் பரப்பினேன். பைக்குள் என்ன இருந்தது என்று தெரியாததால் சொல்வது சுலபமாக இருந்தது. கிளப் இரண்டாகப் பிரிந்தது. தனசேகர் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்: "வேணாம்னா சொல்லுங்க, போய்ட்றேன்." தேவா கையெடுத்துக் கும்பிட்டான். "மாமே, அம்மா கிட்டயே பூ கேட்டுடலாம். அதுக்கு மேல பேசக்கூடாது." நானும் அம்மன் மேல் சத்தியமாக ஒப்புக்கொண்டேன்.

எங்கள் கோயிலில் பூ கேட்பது இப்படி: சிவப்பு அரளி ஒன்று, வெள்ளை அரளி ஒன்று. தனித்தனியாகக் காகிதத்தில் மடித்து அம்மன் காலடியில் வைப்பார்கள். கோயிலுக்கு வந்த ஏதாவது ஒரு குழந்தை ஒரு பொட்டலத்தை எடுக்கும். வெள்ளை வந்தால் தனசேகர் இருப்பார், சிவப்பு வந்தால் போவார். மிச்சப் பொட்டலத்தை யாரும் பிரிக்கக் கூடாது. பிரித்தால் தாயையே நம்பவில்லை என்று அர்த்தம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மொத்த கிளப்பும் கோயிலில். பொட்டலம் மடித்தது யார் தெரியுமா? தேவா. என் கண்கள் அவன் விரலை விட்டு நகரவில்லை. ஒரு பெண் குழந்தை போய் எடுத்துக் கொடுத்தது. பூசாரி பிரித்தார். வெள்ளை. பெண்கள் குலவையிட்டார்கள்.

"நிறுத்துங்க!" என்று கத்தினேன். "இன்னொன்னையும் பிரிங்க! ரெண்டுலயும் வெள்ளைதான் கீது!"

குலவை பாதியில் நின்றது. என் மனைவி செல்வி, "ஐயோ, வேணாங்க" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் கேட்கவில்லை. பாய்ந்து எடுத்துப் பிரித்தேன்.

சிவப்பு அரளி. நல்ல சிவப்பு.

பூசாரி என்னை மேலும் கீழும் பார்த்தார். "கேட்டவன் நீ. பதில் குடுத்தவ அவ. ரசீது வேற கேக்குறியா?"

பட்டாபிராம் பையன்கள் மூவரும் அங்கேதான் நின்றிருந்தார்கள். "நம்பாத ஊர்ல இன்னாத்துக்கு அண்ணே ஆடணும்?" என்று கோல்கீப்பர் தனசேகரிடம் சொல்லிவிட்டு வெளியேறினான். மற்ற இருவரும் பின்னாலேயே போனார்கள். ஞாயிற்றுக்கிழமை பெரிய ஆட்டம்! இரண்டு இடத்துக்கு மாற்று ஆள் இருந்தது. கோலில் நிற்க ஆளில்லை.

நான் அம்மன் முன்னால் விழுந்து பரிகாரம் கேட்டேன். பூசாரி யோசிக்கவே இல்லை. "யார சந்தேகப்பட்டியோ அவருக்குக் கீழ ஆடு."

ஞாயிற்றுக்கிழமை. என் தொப்பைக்கு மேல் ஜெர்சி பாதியில் நின்றது. தனசேகர் அதே துணிப்பையைக் கொண்டுவந்தார். உள்ளே கோல்கீப்பர் கையுறைகள். "நம்ம கிளப்புது கிழிஞ்சி போச்சு. அவங்க கிட்ட இரவல் வாங்கினு வந்தேன்" என்று என் கையில் மாட்டிவிட்டார். பிறகு மெதுவாக, "கொய்யா வண்டி பின்னாடி நீங்க நின்னத நானும் பாத்தேன் அண்ணே" என்றார்.

ஆட்டம் தொடங்கியது. எதிரணிக்காரன் பந்தோடு வந்து எனக்கு வலப்பக்கம் பார்த்தான். என்னையா ஏமாற்றுகிறாய் என்று இடப்பக்கம் பாய்ந்தேன். அவன் பார்த்த பக்கமே அடித்தான். அடுத்தவன் இடப்பக்கம் பார்த்தான், நான் வலப்பக்கம். அதுவும் பார்த்த பக்கமே போனது. அவர்களில் ஒருவன்கூட என்னை ஏமாற்றவில்லை!

இடைவேளையில் தனசேகர் தண்ணீர் கொடுத்தார். "அண்ணே, மூஞ்சியப் பாக்காதீங்க. பந்தை மட்டும் பாருங்க."

பட்டாபிராமில் பிறந்தவர் எதற்காக எனக்கு இதைச் சொல்கிறார் என்று யோசித்தேன். மறுபாதியிலும் மூஞ்சியையே பார்த்தேன்.

ஆட்டம் முடிந்து நான் மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு வார்த்தை திட்டாமல் தனசேகர் என் கையுறைகளைக் கழற்றினார். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. "மன்னிச்சிடுப்பா" என்றேன். "மன்னிப்பு என்கிட்ட வேணாம். நாளைக்கு என்னோட பட்டாபிராம் வாங்க. அந்தப் பசங்க ஊட்டுக்குப் போய்க் கூப்பிடுவோம்" என்றார். போனேன். மூன்று வீட்டிலும் கைகூப்பினேன். மூவரும் திரும்பி வந்தார்கள். தனசேகர்தான் இன்றும் எங்கள் கோச். தோற்கத்தான் தோற்கிறோம், ஆனால் கௌரவமாக.

என் வீட்டில் மட்டும் அது முடியவில்லை. ஓட்டலிலிருந்து இட்லி வாங்கி வந்தால் செல்வி ஒரு பொட்டலத்தைப் பிரித்துவிட்டு, "இன்னொன்னையும் பிரிக்கவா, இல்ல நம்புறீங்களா?" என்பாள். மகளைப் பெண் பார்க்க வந்தவர்களிடமும் முழுக் கதையைச் சொல்லிவிட்டாள். சம்பந்தம் அன்றைக்கே உறுதியானது. (சிரித்த சிரிப்பில்தான்.)

படிக்கிறவர்கள் இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். தாயைச் சந்தேகப்பட்டவன் கதி தெரியட்டும். ஆனால் சொன்னபடியே சொல்லுங்கள். அன்று நான் விட்டது ஆறு கோல். பட்டாபிராமில் இப்போது அது ஒன்பது. என் மச்சினன் சொல்லும்போது பன்னிரண்டு. அம்மன் சாட்சியாக ஆறுதான், கூட்டாதீர்கள். என் மேல் இரக்கப்பட்டு ஐந்து என்றும் சொல்லிவிடாதீர்கள். எதற்காகக் குறைத்தீர்கள் என்று எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.