ஊதா வெளிச்சத்தில் ஒரு மாமனார்

"மன்னிச்சிடுங்க மாமா. இது போலி."

"சட்டையா, மாப்பிள்ளை?"

"சட்டைக் கையில தைச்சிருக்கிற பட்டை."

"அதைப் போட்டுக்கிட்டு பட்டாளத்துல நின்ன நான்?"

மாப்பிள்ளை நிஜமாகவே யோசித்தார். "உங்களைப் பத்தி எனக்குச் சந்தேகமில்லை, மாமா."

வாசகர்களே, பட்டாளச் சின்னப் பித்தர் என்னும் இனம் இதுதான். பகலில் அலுவலகத்தில் கணக்கு எழுதுவார். தெரு நாய் குரைத்தால் எதிர்ப்பக்கம் போய்விடுவார். ஆனால் வீட்டுக்கு வந்து கண்ணாடி அலமாரியைத் திறந்துவிட்டால், எந்தக் காலத்திலோ எவனோ தோளில் குத்திய நட்சத்திரம், தொப்பியில் மாட்டிய பித்தளைக் கழுகு, காலரிலிருந்து கத்தரித்த துணித்துண்டு என்று ஒவ்வொன்றையும் பஞ்சில் கிடத்தி, தன் மூச்சுகூடப் படாமல் குனிந்து, பூதக்கண்ணாடியில் நூலின் முறுக்கை ஆராய்வார். பளபளத்தால் முகம் சுளிப்பார். பூச்சி அரித்திருந்தால் உருகிப்போவார்.

"துடைக்காதே! அது நூறு வருஷத்து அழுக்கு!" என்று ஒருநாள் மனைவியின் கையைப் பிடித்தார்.

"அப்போ உங்க சட்டைக் காலர்? அதுவும் அப்படியே சேரட்டுமா?"

இந்த வீட்டுக்கு வரும்போதெல்லாம் மாமனார் அந்த அலமாரி முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதை அவருடைய இளைய மகள்தான் கவனித்திருந்தாள். முன்பின் தெரியாதவர்களின் பட்டைகளுக்கு நடுவே தன் பட்டைக்கும் ஓரிடம். அவ்வளவுதான் அவர் ஆசை. வாய் திறந்து கேட்பவரா அவர்? அவள்தான் டிரங்குப் பெட்டியிலிருந்து சட்டையை எடுக்க வைத்து, அப்பாவையும் அம்மாவையும் அக்கா வீட்டுக்குக் கையோடு கூட்டிவந்தாள்.

வந்தவர்களுக்குத் தண்ணீர்கூடத் தரவில்லை. விளக்கை அணைத்து ஊதா டார்ச்சை அடித்தார் மாப்பிள்ளை, அதாவது அவள் அத்தான். பழைய நூல் அந்த வெளிச்சத்தில் மங்கிக் கிடக்குமாம், புது நூல் மின்னுமாம். பட்டை நிலவு மாதிரி மின்னியது. அதைப் பார்த்துத்தான் 'போலி' என்றார்.

"மின்னாம என்ன செய்யும்?" என்றார் மாமியார். "மாப்பிள்ளை பாக்கப் போறாரேன்னு சோப்புத்தூள் போட்டு நல்லா கசக்கி அலசினேனே!"

அத்தான் நாற்காலியைத் தடவி உட்கார்ந்தார். "துவைச்சீங்களா?"

சோப்புத்தூள் பட்டால் பழைய நூலும் அப்படித்தான் மின்னுமாம். போலி இல்லை. அதைவிட மோசம், சுத்தம்.

"இனிமே சோதிச்சுப் பாக்கவே வழியில்லை, மாமா. எதை நம்பி அலமாரியில வைக்கிறது?"

மாமனார் சட்டையை மடிக்க ஆரம்பித்தார். மடிப்பு மட்டும் பட்டாளத்து மடிப்பாக இருந்தது. அதிகம் பேசாத இளையவளுக்கே பொறுக்கவில்லை.

"அத்தான், போட்டிருந்தவரே எதிர்ல நிக்கிறாரே!"

"ஆள் நின்னா ஆதாரமாகாதும்மா. போட்டுக்கிட்ட மாதிரி போட்டோ இருந்தா, அது வேற."

அடுத்த நிமிடம் அப்பா சட்டையோடு உள்ளறைக்குள் போனார். தலையைப் படிய வாரி, எட்டாத பொத்தான்களை வயிற்றை எக்கி மாட்டி, அலமாரி முன்னால் வந்து விறைப்பாக நின்றார். அப்படி ஒரு சிரிப்பை அவர் முகத்தில் அவள் பார்த்ததே இல்லை.

நீங்களும் சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். வீட்டில் யாரோ ஆசையாக ஒன்றை நீட்டும்போது, நீட்டியவரைப் பார்க்காமல் "ஒரிஜினலா?" என்று திருப்பிப் பார்த்த கை உங்களுடையது இல்லையென்றால்.

அவள் போனை உயர்த்தினாள். அத்தான் அருகில் வந்து, மாமா காதில் விழாதபடி கெஞ்சினார்:

"பட்டை தெளிவா விழணும்மா. மாமா தலை விழலேன்னாலும் பரவாயில்லை."