புகைபோக்கியும் மச்சானின் சறுக்குப் பலகையும்

கோய்வுலஹ்தி,
மார்ச் 6.

என் மரியாதைக்குரிய மைத்துனர் ஔலிஸ் அவர்களுக்கு, தாவெத்தி எழுதிக்கொள்வது.

இங்கே நானும் உங்கள் தங்கை லெம்பியும் சுகம். ஏரியும் சுகமாக இன்னும் ஒரு முழம் ஐஸுக்கு அடியில் தூங்குகிறது. ஹெல்சிங்கியில் உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? ஈஸ்டர் அன்று நடக்கும் பழைய மரச் சறுக்குப் பலகைப் பந்தயத்துக்கு நீங்கள் வருவதாக எழுதியதைப் படித்து அளவில்லாத மகிழ்ச்சி அடைந்தோம். அதாவது, லெம்பி அடைந்தாள். நான் உட்கார்ந்துவிட்டேன். காரணம் கீழே வரும். அதற்கு முன், எங்கள் புகைபோக்கியைச் சுத்தம் செய்ய வந்த ஹில்லாவைப் பற்றிச் சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

முப்பது வயதிருக்கும், மச்சான். ஒல்லி. கூரையில் இடுப்பளவு பனி. இவளா ஏறப்போகிறாள் என்று நினைத்து, "ஏணியை நான் பிடிச்சுக்கட்டுமா?" என்று கேட்டேன். "நீங்க காபிப் பானையைப் பிடிங்க வீட்டுக்காரரே, ஏணி தானா நிக்கும்" என்று சொல்லிவிட்டு, தோளில் கயிறும் தூரிகையும் இரும்புக் குண்டுமாக ஏறிப் போனாள். நான் வீட்டுக்குள் வந்து பானையை வைப்பதற்குள் மேலே பனியைத் தள்ளி முடித்துவிட்டாள். கரியை இடித்துத் தள்ள, கயிற்றில் கட்டிய குண்டு புகைபோக்கிக்குள் தொம் தொம் என்று இறங்கியது. நடுவில் நின்றது. மறுபடியும் மேலே போய் அதே இடத்துக்கு வந்து நின்றது. அப்போது அடுப்பின் வாயிலிருந்து அவள் குரல் வந்தது, மச்சான். கூரையில் இருந்தபடியே குழாய் வழியாகக் கேட்கிறாள்: "வீட்டுக்காரரே, பிப்ரவரியில இதுக்குள்ள என்ன போட்டு எரிச்சீங்க?"

நாற்பத்தாறு வருஷமாக எனக்குச் சூடு கொடுத்த அடுப்பு, முதன்முதலாக என்னிடம் ஒரு கேள்வி கேட்கிறது. நான் எழுந்து நின்று, "விறகு" என்றேன். பக்கத்தில் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்த லெம்பி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

இப்போது பிப்ரவரியைச் சொல்லிவிடுகிறேன். லெம்பி ஒரு வாரம் பாட்டுக் குழுவோடு வெளியூருக்குப் போயிருந்தாள். நான் அடுப்பை அணையவிட்டுவிட்டேன். வெளியே மைனஸ் இருபத்தெட்டு, உள்ளே வாளித் தண்ணீரில் ஐஸ் ஏடு. அவள் பஸ் வர இரண்டு மணி நேரம். போன வருஷம் பிளந்து அடுக்கவேண்டிய விறகை நான் அடுக்காததால் எல்லாம் ஈரம், ஊதினால் அழுகிறது, எரியமாட்டேன் என்கிறது. விறகுக் கொட்டகையில் நீங்கள் இங்கே விட்டுப்போன சறுக்குப் பலகைகள் வலது கொக்கியில், என்னுடையவை இடது கொக்கியில், இரண்டும் சாக்குச் சுற்றித் தொங்கின. நல்ல காய்ந்த மரம், பனியில் வழுக்குவதற்காக ஐம்பது வருஷம் தார் பூசிப் பூசி ஊறிய மரம். என்னுடையவற்றில் கை வைக்க மனசு வரவில்லை; அதில்தான் பந்தயத்தில் உங்களை நாலாவதாகத் தள்ளிவிட்டு நான் மூன்றாவதாக வந்தேன். ஆகவே வலது கொக்கி. பார்த்தால் இளகிவிடுவேன் என்று சாக்கைப் பிரிக்காமலே அறுத்து உள்ளே போட்டேன். எரிந்ததே ஒரு எரி! புகைபோக்கி ரயில் மாதிரி கூவியது. நான் பயத்தில் அடுப்புக் கதவைச் சாத்தி, அதன் மேல் முதுகைக் கொடுத்து உட்கார்ந்துவிட்டேன். கால்சட்டைதான் கருகியது. லெம்பி வந்து, "அடடா, வீடு கதகதன்னு இருக்கே" என்று என் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். அந்த முத்தம் இன்னும் உறுத்துகிறது, மச்சான்.

ஹில்லா இறங்கி வந்து புகைபோக்கியின் அடிக்கதவைத் திறந்தாள். ஒரு வாளிக் கரி. அதைப் படித்தாள், நாம் பேப்பர் படிக்கிற மாதிரி. ஒரு சிட்டிகை எடுத்து விரலில் தேய்த்தாள். "இது நல்ல விறகு, அக்டோபர். இது ஈர விறகு, சோம்பேறித்தனம். இது பால் அட்டைப்பெட்டி, அதெல்லாம் போடக்கூடாது." ஒவ்வொன்றும் உண்மை. பிறகு பளபளவென்று ஒரு கட்டியை எடுத்து மோந்து பார்த்தாள். "இது தார்."

"தாரா? நம்ம வீட்டுல ஏது தார்?" என்றாள் லெம்பி.

ஹில்லா என்னைப் பார்த்தாள். நான் சர்க்கரைக் கிண்ணத்தில் காபி ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"பிர்ச் மரப்பட்டை நெறைய போட்டாலும் தார் இறங்கும், வீட்டுக்காரம்மா" என்றாள். பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை. எப்பேர்ப்பட்ட பெண்! சாம்பல் தட்டை வழித்தபோது, பலகையில் பூட்ஸைப் பிடிக்கும் இரும்பு ஒன்று வந்தது. அதைத் தன் கரித்துணியில் சுற்றி என் பாக்கெட்டில் போட்டுவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "இன்னொரு தடவை இப்படி எரிச்சா குழாய் வெடிச்சு வீடே போயிரும். பலகைதான் போச்சு, நீங்க ரெண்டு பேரும் தப்பிச்சீங்க." மூன்று பன் சாப்பிட்டாள், போய்விட்டாள்.

மச்சான், அந்த இரும்பை, அதே கரியோடு, இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன். உங்கள் பலகைகளில் மிஞ்சியது அதுதான். ஈடாக, இடது கொக்கியில் இருக்கும் என் பலகைகளை ஈஸ்டருக்கு உங்கள் கையில் ஒப்படைக்கிறேன். என்னிடம் அதைவிடப் பெரிய சொத்து கிடையாது. நான் ஓரமாக நின்று கைதட்டுகிறேன். லெம்பிக்கு மட்டும் சொல்லிவிடாதீர்கள். உங்கள் முழங்காலும் குடும்பமும் நூறு குளிர்காலம் வழுக்காமல் நடக்க வேண்டும்.

தலைகுனிந்து,
தாவெத்தி

பின்குறிப்பு: அண்ணா, லெம்பி எழுதுகிறேன். தபாலில் போடச் சொல்லித் தந்தான். உறை கனமாக இருந்ததால் பிரித்தேன். இரும்பைச் சோப்புப் போட்டுத் தேய்த்திருக்கிறேன், அதில் ஆணியால் கீறியிருக்கும் பெயரின் முதலெழுத்தைப் பார். உன் பெயரா, அவன் பெயரா? இலையுதிர் காலத்தில் கொட்டகை ஒழுகியதால் உன் பலகைகளை வீட்டுக்குள் கொண்டுவந்து என் கட்டிலுக்கு அடியில் வைத்தேன். நனையாத வலது கொக்கியில் அவனுடையவற்றை மாட்டினேன். இடது கொக்கிச் சாக்கில் இருப்பது மீன்வலைக் கம்புகள். அவனிடம் ஒன்றும் சொல்லிவிடாதே. ஹில்லா வந்துபோன செவ்வாய்க்கிழமையிலிருந்து யாரும் சொல்லாமலே விறகு பிளந்து அடுக்குகிறான், இரண்டு வருஷத்துக்குப் போதும். ஈஸ்டர் அன்று அவன் சாக்கை நீட்டும்போது மறுக்காமல் வாங்கிக்கொள். பிரிப்பதற்கு முன் என்னைக் கூப்பிடு.