அவாஸ்: இலைக்குக் கீழே தரை இல்லை

நெகிரி செம்பிலான் மாநிலத்தில் இனி யாரும் எங்கேயும் எப்போதும் விழக்கூடாது என்று ஒரு மனிதர் தனியாளாக முடிவெடுத்திருந்தார். அரசாங்கம் அவரைக் கேட்டுக்கொள்ளவில்லை. சம்பளமும் கிடையாது. அவருடைய மனைவியே வேண்டாம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். ஆனாலும் மனிதர் விடவில்லை.

அடையாள அட்டையில் அவருக்கு என்ன பெயரோ, எனக்குத் தெரியாது. எல்லாருக்கும் அவர் அவாஸ் அண்ணன். நம் ஊர்ச் சாலைகளில் பள்ளமோ, மின்கம்பியோ, கடிநாயோ எது இருந்தாலும் ‘அவாஸ்’ என்று மலாயில் ஒரு பலகை நிற்கும். ஜாக்கிரதை என்று அர்த்தம். மற்றவர்கள் அந்தச் சொல்லைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். அண்ணன் அதைத் தத்தெடுத்துக்கொண்டார்.

தோட்டத்து லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். இருபத்தெட்டு ஆண்டுகளில் ஒரு கோழியைக்கூட இடித்ததில்லை. அவர் லோரியைப் பார்த்த கோழிக்குச் சாலையைக் கடக்கவும், மனம் மாறித் திரும்பவும், மறுபடி கடக்கவும் நேரம் இருக்கும். பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை ஏற்றிப்போன காலத்தில், லோரியைத் தவறவிட்ட பிள்ளைகள் பல் விளக்கிப் பசியாறிவிட்டு நடந்தே போய் ஏறிக்கொள்வார்களாம். இதை அந்தத் தோட்டத்தில் நாலு பேர் என்னிடம் சத்தியம் செய்து சொல்லியிருக்கிறார்கள்.

எனக்கு இனிப்பு நீர் வந்து, தினமும் நடக்கச் சொல்லி டாக்டர் பயமுறுத்தியதால்தான் அவரைச் சந்தித்தேன். நான் குடியிருக்கும் சிரம்பான் நகரத்து ராசாவில் நடந்தால் காருக்கும் பஸ்ஸுக்கும் நடுவில்தான் நடக்கவேண்டும். போர்ட்டிக்சன் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து கடல்வரைக்கும் நல்ல ஒற்றையடிப் பாதை இருப்பதாகச் சக ஆசிரியர் ஒருவர் சொன்னார். எண்ணெய்ச் செம்பனைக்குள் புகுந்து, மிச்சமிருக்கும் ரப்பர்ப் பால்மரக் காட்டைத் தாண்டி, ஒரு மலாய்க் கம்பத்து வீடுகளின் ஓரமாக ஏறி, கடைசியில் கடலைப் பார்த்தபடி மேட்டில் போகிற பாதை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போய் இறங்கினேன்.

முதல் பலகை: ‘அவாஸ். செம்பனை மட்டை விழும். மேலே பார்க்கவும்.’ பார்த்தேன். பத்தடி தள்ளி அடுத்தது: ‘அவாஸ். மேலே பார்த்துக்கொண்டு நடக்காதே. கீழே வாய்க்கால்.’ அப்புறம் பன்றி, தேனீ, அட்டை, வழுக்குப் பாறை. ‘அவாஸ். இங்கே குரங்கு பையைப் பிடுங்கும். கொடுத்துவிடவும்.’ ஓரிடத்தில் ஒன்றுமே இல்லை. வெறும் புல்வெளி. அங்கேயும் ஒரு பலகை: ‘அவாஸ். ஆபத்து ஒன்றும் இல்லை. ஆனாலும்.’

அந்த ‘ஆனாலும்’ என்னை அங்கேயே நிறுத்திவிட்டது. அதைப் படித்துக்கொண்டு நிற்கும்போது புதருக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

“வாத்தியாரே, ஷூ கயிறு அவுந்திருக்கு.”

சிவப்புச் சாயம் சொட்டும் தூரிகையோடு அவாஸ் அண்ணன் வெளியே வந்தார். நான் ஆசிரியர் என்பது எப்படித் தெரியும் என்று கேட்டேன். “போர்டுல எழுத்துப் பிழ இருக்கான்னு பாத்தீங்களே, அதுலயே தெரிஞ்சு போச்சு” என்றார்.

பலகைகள் மொத்தம் நாற்பத்து மூன்று. அத்தனையும் ஒரே ஒருவருக்காக. அவர் மனைவி பாக்கியம் அக்கா கடற்கரை ஹோட்டல் ஒன்றில் துணி வெளுக்கும் பகுதியில் இருபத்திரண்டு ஆண்டுகளாக வேலை பார்க்கிறார். தோட்டத்தை ஒட்டிய தாமான் குடியிருப்பில் வீடு. தினமும் விடியற்காலையில் இந்தப் பாதையில்தான் போவார், மாலையில் இந்தப் பாதையில்தான் வருவார். அவர் விழுந்துவிடுவாரோ என்று முதல் வாரம் அண்ணனுக்கு ஒரு பயம் வந்தது. அன்று முளைத்தது முதல் பலகை. பயம் போகவில்லை. பலகை மட்டும் கூடிக்கொண்டே போனது.

இவ்வளவுக்கும் பாக்கியம் அக்கா ஒருநாளும் விழுந்ததில்லை. ஞாயிறுதோறும் நடக்கப் போக ஆரம்பித்த பிறகு அவரிடம் ரகசியம் கேட்டேன்.

“நான் போர்டப் பாக்குறதே இல்ல தம்பி. போர்டப் பாத்துக்கிட்டு இருந்தா பாதைய யாருலா பாக்குறது?”

சிரித்துக்கொண்டிருந்த எங்களுக்கு ஒருநாள் சிரிப்பு நின்றது. தோட்டத்தை வாங்கிய புதுக் கம்பெனி, செம்பனைக் குலை திருட்டுப்போகிறது என்று சொல்லி, பாதைக்குக் கேட் போட்டுப் பூட்டப்போவதாக நோட்டீஸ் ஒட்டிவிட்டது. நகராண்மைக் கழகம் இதைப் பொது நடைபாதையாக ஏற்றுக்கொண்டால் மட்டும் ஆள் நுழைய இடம் விடுவார்களாம்.

அண்ணன் அன்று சாப்பிடவில்லை. “பூட்டிட்டா இவ பெரிய ரோட்டுலதானே மோட்டார் சைக்கிள்ல போவணும் வாத்தியாரே! மணல் லோரி, டேங்கர், டூரிஸ்ட் பஸ்ஸு… நான் லோரி ஓட்டுனவன். லோரிக்காரன் என்னா செய்வான்னு எனக்குத் தெரியும். அந்த ரோட்டுல நான் எத்தன போர்டுலா வைக்கிறது?”

“மோட்டார்ல பத்தே நிமிஷம்” என்று அக்கா அடுப்படியிலிருந்து சொன்னார். அண்ணன் முகத்தில் ரத்தமே இல்லை.

மனு எழுதிக் கொடுத்தேன். நகராண்மைக் கழகத்திலிருந்து ஓர் இளம் பெண் அதிகாரி வந்தார். பொறுமையான பெண். நாற்பத்து மூன்று பலகைகளையும் நின்று நின்று போனில் படம் எடுத்தார். தமிழில் இருந்ததையெல்லாம் அண்ணனே ஆர்வமாக மலாயில் மொழிபெயர்த்தார். விளக்கம் வேறு கொடுத்தார். கடலோரம் வந்து சேர்ந்தபோது அந்தப் பெண் வியர்த்துப்போயிருந்தார். “என்சே, இவ்வளவு ஆபத்தான பாதையில் பொதுமக்களை எப்படி விடுவது?” என்று மலாயில் கேட்டுவிட்டு, இரண்டு வாரம் கழித்து மறுபடி பார்த்து முடிவு சொல்வதாகச் சொல்லிப் போனார்.

இப்போது நான் மூளையைக் காட்டினேன். “அண்ணே, எல்லாப் போர்டையும் புடுங்கிருங்க. எல்லாத்தையும் சரி பண்ணிட்டோம்னு சொல்லிருவோம். அவங்க வந்து போனதும் வச்சுக்கலாம்.”

பல்லைப் பிடுங்கச் சொன்னால்கூட அவ்வளவு வாதாடியிருக்கமாட்டார். கடைசியில் பெரிய ரோட்டை நினைத்துச் சம்மதித்தார். நாற்பத்து மூன்றும் அவர் கட்டிலுக்கு அடியில் போயின. அவற்றின்மேல் படுத்து அவர் உறங்கியதாகத் தெரியவில்லை. பலகை இல்லாத பாதையில் மனைவியை எப்படி அனுப்புவது? எனவே தினமும் காலையில் தானே முன்னால் நடந்து, ஒவ்வோர் இடத்திலும் பலகையாகவே நின்றார். “பாக்கியம், வழுக்கும்! பாக்கியம், தேனீ! பாக்கியம், இங்க ஒண்ணுமில்ல, ஆனாலும்!”

நாலாம் நாள் அக்கா எனக்குப் போன் செய்தார். “தம்பி, அந்தப் போர்டுங்களயே வச்சிருங்கலா. அதுங்களாச்சும் வாயை மூடிக்கிட்டு நிக்கும்.”

இரண்டாம் முறை அதிகாரி வந்தபோது கம்பெனி ஆள் ஒருவரும் கூட வந்தார். வாயே திறக்கக்கூடாது என்று அண்ணனுக்கு உத்தரவு. பாதுகாப்புக்கு ஒரு பெரிய ஆரஞ்சு மிட்டாயை அவர் வாயில் போட்டிருந்தேன். பலகை இருந்த இடம் வரும்போதெல்லாம் அவர் கை துள்ளும். மணிக்கட்டைப் பிடித்தபடியே நடந்தேன். செம்பனை போனது, பால்மரம் போனது, கம்பம் போனது. அதிகாரிக்கு முகம் மலர்ந்துகொண்டே வந்தது. நான் மட்டும் மிச்சமிருக்கும் இடங்களை விரல்விட்டு எண்ணிக்கொண்டு வந்தேன்.

கடலோர மேட்டில் நாற்பத்தோராவது பலகையின் இடம் வந்தது. கெத்தாப்பாங் மரத்தடியில் மண்ணை அலை அரித்துவிட்டிருக்கும். மேலே காய்ந்த இலை மூடியிருக்கும். பலகையில் எழுதியிருந்தது: ‘அவாஸ். இலைக்குக் கீழே தரை இல்லை.’

அன்று கடல் கண்ணைப் பறிக்கிற நீலம். அந்தப் பெண் படம் எடுக்கப் போனை உயர்த்திக்கொண்டு, நேராக அந்த இலைக் குவியலைப் பார்த்து நடந்தார். அண்ணன் என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தால் பாதை போச்சு. நான் அவர் மணிக்கட்டை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். அப்படிப் பிடித்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

அவர் கையை உதறினார்.

“அவாஸ்ஸ்ஸ்!”

மிட்டாய் கடலில் போய் விழுந்தது. அதிகாரி ஒரு காலைத் தூக்கியபடியே சிலையாக நின்றார். அந்தச் சத்தத்தில் பதறிப்போய் இரண்டடி பக்கவாட்டில் நகர்ந்தது நான்தான். இலைக்குக் கீழே தரை இல்லை. இடுப்புவரை உள்ளே போனேன்.

கணுக்கால் பிசகிவிட்டது. அண்ணனும் கம்பெனி ஆளும் ஆளுக்கொரு தோளில் என்னைத் தாங்கிக்கொண்டு வந்தார்கள். குட்டு உடைந்துவிட்டதல்லவா, அண்ணன் இனி யாருக்குப் பயப்படவேண்டும்? நாற்பதிலிருந்து ஒன்றுவரை ஒவ்வொரு பலகையையும் தலைகீழாக ஒப்பித்துக்கொண்டே வந்தார். எல்லாம் முடிந்தது என்று எனக்கு அழுகையே வந்தது. கால்வலியால் அழுவதாக நினைத்துக் கம்பெனி ஆள் தண்ணீர் கொடுத்தார்.

கேட் போடவிருந்த இடத்துக்கு வந்ததும் அதிகாரி அண்ணனிடம் கேட்டார். “உங்கள் மனைவி எத்தனை வருஷமாக இதில் நடக்கிறார்?”

“இருபத்திரெண்டு.”

“எத்தனை முறை விழுந்திருக்கிறார்?”

“ஒரு தடவகூட இல்ல.”

அந்தப் பெண் என் காலைப் பார்த்தார். “பலகை இருந்த இருபத்திரண்டு வருஷமும் யாரும் விழவில்லை. எடுத்த இரண்டாவது வாரம் ஒருவர் விழுந்துவிட்டார். எல்லாவற்றையும் இருந்த இடத்தில் வையுங்கள். மலாயிலும் எழுதுங்கள். கையெழுத்துப் போடுகிறேன்.”

அண்ணன் அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஒரே வாரத்தில் பலகைகள் திரும்பின. கூடவே நாற்பத்து நான்காவதும் வந்தது: ‘அவாஸ். வாத்தியார் விழுந்த இடம்.’ எடுத்துவிடச் சொல்லிக் கெஞ்சினேன். “கடலப் பாத்த மாதிரி ஒங்க பேருல ஒரு எடம் கெடச்சிருக்கு, வேணாங்கிறீங்களே!” என்று கோபித்துக்கொண்டார்.

போன மாதம் அண்ணன் விழுந்துவிட்டார். பாதையில் அல்ல, தன் வீட்டுக் குளியலறையில். பலகை வைக்காத இடம் அது ஒன்றுதான். இடுப்பெலும்பு. சிரம்பான் மருத்துவமனையில் போய்ப் பார்த்தேன். ஆள் பாதியாக இளைத்திருந்தார். வலி எப்படி என்று கேட்டேன்.

“அவ தனியா நடக்குறா வாத்தியாரே” என்று மட்டும் சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

மனசு கேட்கவில்லை. சனிக்கிழமை விடியற்காலையில் தோட்டத்துக்குப் போனேன். பாக்கியம் அக்கா என் முன்னால் நடந்தார். கையில் போன், ஒலிபெருக்கி போட்டிருந்தது.

“மட்டை விழும்… தாண்டிட்டேன். வாய்க்கா… தாண்டிட்டேன். கொரங்கு… இன்னிக்கு இல்லலா. தாண்டிட்டேன்.”

போனுக்குள்ளிருந்து, “மெதுவா” என்று அண்ணன் குரல்.

“ஆபத்து ஒண்ணும் இல்ல, ஆனாலும்… தாண்டிட்டேன்.”

“நீங்கதான் போர்டப் பாக்குறதே இல்லியேக்கா?” என்று தாழ்ந்த குரலில் கேட்டேன். அவர் போனைக் கையால் பொத்திக்கொண்டார்.

“இப்பவும் பாக்கலயே தம்பி. எல்லாம் மனப்பாடம்லா.”

செம்பனையும் பால்மரமும் கம்பமும் முடிந்து கடலோர மேட்டுக்கு வந்தோம். நாற்பத்தோராவதைச் சொன்னார், தாண்டினார். அடுத்து என் பலகை. “வாத்தியார் விழுந்த எடம்… தாண்டிட்டேன்.”

நான் ஓரமாகக் காலை எடுத்து வைத்து, அந்த இலைக் குவியலைச் சுற்றிப் போனேன். பிறகு போன் பக்கம் குனிந்து உரக்கச் சொன்னேன்.

“நானும் தாண்டிட்டேன், அண்ணே.”